மக்பெத்தின் முறைப்பாடு

சிட்னியிலும் மெல்பேர்ணிலும் பத்தாம் வகுப்பை எட்டிய பிள்ளைகள் உள்ள வீடுகளில், ஏதாவதொரு தவணையில் சாப்பாட்டு மேசையில் மக்பெத் நாடகப் புத்தகம் வந்து கிடப்பதைப் பலர் கண்டிருப்பார்கள். முதல் அங்கத்தைப் படித்து, மக்பெத்தின் குணவியல்பும் 'அம்பிஷ'னும் எவ்வாறு புலப்படுகின்றன என்று கட்டுரை எழுதவேண்டும். அப்படியான ஒரு மாலையில் எங்கள் வீட்டுப் பிள்ளை கேட்டாள்: "அப்பா, அம்பிஷன் எண்டதுக்குத் தமிழில என்ன?"

இலட்சியம் என்று உடனே சொல்லிவிட்டோம். "அது நல்ல சொல்லெல்லோ? இவன் கொலைகாரனெல்லோ?" என்றாள். அப்படியானால் பேராசை என்றோம். "அது முழுக்கக் கூடாத சொல். ரீச்சர் இதில நல்லதும் இருக்கு எண்டு சொன்னவ" என்றாள். அதற்குமேல் எங்களிடம் சொல் இருக்கவில்லை.

நமது மொழி இந்த ஒன்றை இரண்டாகப் பிரித்து வைத்திருக்கிறது. வள்ளுவர் ஊக்கமுடைமைக்கு ஓர் அதிகாரம் வகுத்தார். வெஃகாமைக்கும் அவாவறுத்தலுக்கும் வேறு அதிகாரங்கள் வகுத்தார். உயர நினைப்பது ஓரிடத்தில், பிறர் பொருளை விரும்புவது இன்னோரிடத்தில். ஆனால் முதலாவது எந்த இடத்தில் இரண்டாவதாக மாறுகிறது என்பதே மக்பெத்தின் முதல் அங்கம் எழுப்பும் கேள்வி. அதைப் பிள்ளைக்கு விளக்கப் போய், நாங்கள் அந்த நாடகத்தை முதலிலிருந்து மறுபடி படிக்க வேண்டியதாயிற்று.

நமக்கு மக்பெத் புதியவனல்லன். பம்மல் சம்பந்த முதலியார் அவனை 'மகபதி' ஆக்கித் தமிழ் மேடைக்குக் கொண்டுவந்தார். காரைதீவில் பிறந்த விபுலாநந்த அடிகள் 1926இல் வெளிவந்த 'மதங்க சூளாமணி'யில் சேக்ஸ்பியரின் நாடகங்களைத் தமிழ் நாடக இலக்கணத்தோடு வைத்து ஆராய்ந்தார். இலங்கையில் ஆங்கிலம் வழியாகப் படித்த நம் மூத்த தலைமுறையினர் பரீட்சைக்காக அதன் பாகங்களை மனப்பாடம் செய்தவர்கள். ஆயினும் நம்மில் பலருக்கு மனதில் நின்றது ஒரு வாய்ப்பாடு மட்டுமே: சூனியக்காரிகள் மயக்கினார்கள், மனைவி தூண்டினாள், நல்ல வீரன் கெட்டான். விதி என்று சொல்லிப் புத்தகத்தை மூடிவிடலாம்.

முதல் அங்கத்தின் ஏழு காட்சிகளை ஆறுதலாகப் படித்தால் இந்த வாய்ப்பாடு நிற்காது. மக்பெத்தை நாம் காண்பது மூன்றாம் காட்சியில்தான். அதற்கு முன்பே அவனுடைய புகழ் வந்து சேர்கிறது. காயம்பட்ட படைவீரன் ஒருவன் மன்னன் டங்கனிடம், மக்பெத் பகைவனை எவ்வாறு தொப்புளிலிருந்து தாடை வரை பிளந்தான் என்று சொல்கிறான். மன்னன் மகிழ்ந்து போற்றுகிறான். வெட்டிய கையை முதலில் மெச்சியவர்கள் சூனியக்காரிகள் அல்லர், அரசும் போர்க்களமுமே.

அடுத்து, ஆரூடம் சொல்லப்படுவது மக்பெத்துக்கு மட்டுமல்ல. அருகில் பாங்கோவும் நிற்கிறான்; உன் சந்ததியார் அரசராவர் என்பது அவனுக்குக் கிடைத்த வாக்கு. ஒரே வெளியில், ஒரே வேளையில், இருவரும் கேட்கிறார்கள். பாங்கோ, தீய சக்திகள் சிறிய உண்மைகளைக் காட்டிப் பெரிய விடயத்தில் கவிழ்க்கும் என்று எச்சரிக்கிறான். மக்பெத்தோ, அரசனாவாய் என்ற சொல் கேட்டதும் திடுக்கிடுகிறான். நற்செய்தி கேட்டவன் ஏன் திடுக்கிட வேண்டும்? அவர்கள் கொலை என்ற சொல்லையே உச்சரிக்கவில்லை. சிறிது நேரத்தில் தன் மனத்துள்ளே அந்தச் சொல்லைக் கொண்டுவருபவன் அவனேதான்.

நான்காம் காட்சிதான் திருப்பம். துரோகம் செய்து கொல்லப்பட்ட காடர் தலைவனைப் பற்றி, முகத்தைப் பார்த்து மனத்தை அறியும் வித்தை இல்லை என்று டங்கன் சொல்லி முடிக்கும் வேளையில் மக்பெத் உள்ளே வருகிறான். அதே காட்சியில் மன்னன் தன் மூத்த மகன் மல்கமை இளவரசனாக அறிவிக்கிறான். தன் வழியில் ஒரு படி குறுக்கே வைக்கப்பட்டுவிட்டது; தாண்டவேண்டும் அல்லது விழவேண்டும் என்று மக்பெத் தனக்குள் சொல்லிக்கொள்கிறான். சற்று முன்பு, விதி தருவதானால் தானாகத் தரட்டும் என்று எண்ணியவன் இவன்தான்.

இந்த இடத்தில் வரலாற்றைச் சிறிது பார்க்கவேண்டும். மக்பெத் கற்பனைப் பாத்திரம் அல்லன். 1040 முதல் 1057 வரை ஸ்கொட்லாந்தை ஆண்ட மன்னன். டங்கன் படுக்கையில் விருந்தாளியாகக் கொலையுண்டவனும் அல்லன். 1040இல் மக்பெத்தின் படையோடு பொருதி மாண்டவன். அக்காலத்து ஸ்கொட்லாந்தில் தந்தைக்குப்பின் மகன் என்ற முறை உறுதிப்பட்டிருக்கவில்லை. அரச குலத்தில் தகுதியும் வலிமையும் உள்ள உறவினன் முடிசூடுவது வழக்கமாயிருந்தது. மக்பெத்தின் மனைவியும் அரச வழியில் வந்தவள். பதினேழு ஆண்டு ஆட்சியின் நடுவே, 1050இல், உரோமாபுரிக்கு யாத்திரை போய் ஏழைகளுக்குப் பொருள் வழங்கும் அளவுக்கு அவன் நாட்டில் அமைதி இருந்தது.

சேக்ஸ்பியர் கதையை எடுத்தது ஹொலின்செட்டின் வரலாற்று நூலிலிருந்து. அந்நூலில் டங்கன் மென்மையான, ஆளத் தெரியாத மன்னன். மகனை இளவரசனாக்கியபோது, பழைய சட்டப்படி தனக்கிருந்த உரிமை பறிபோகிறது என்று மக்பெத் மனம் கசந்தான் என்றும், முடியைப் பலத்தால் கொள்ள நியாயமான வழக்குத் தன்னிடம் உண்டென எண்ணினான் என்றும் அதிலே உண்டு. பாங்கோவும் சதிக்கு உடந்தை. பின்னர் பத்து ஆண்டுகள் மக்பெத் நல்லாட்சி செய்தான்.

நாடகத்தில் இவையெல்லாம் எங்கே? சேக்ஸ்பியர் ஒவ்வொன்றாக எடுத்துவிட்டார். பலவீனமான டங்கன் நரைத்த, கருணையுள்ள பெரியவனானான். பாங்கோ குற்றமற்றவனானான். பத்தாண்டு நல்லாட்சி மறைந்தது. சட்டப்படியான உரிமை பற்றி மக்பெத் ஒரு சொல்லும் பேசுவதில்லை. இதற்கு அரசியற் காரணம் உண்டு. 1603இல் இங்கிலாந்தின் அரியணை ஏறிய ஜேம்ஸ் மன்னர் தம்மைப் பாங்கோவின் வழியினர் என்று கருதியவர். பரம்பரை உரிமையால் வந்தவர். 1605இல் அவரை வெடிமருந்து வைத்துக் கொல்லச் சதி நடந்தது. அதற்கு அடுத்த ஆண்டளவில் எழுந்த நாடகத்தில், அரசனைக் கொன்றவனுக்கு ஒரு நியாயத்தை வைப்பது எளிதல்ல.

ஆனால் காரணம் எதுவாயினும், நாடகத்துக்கு நேர்ந்த விளைவு வேறொன்று. முறைப்பாடு நீங்கியதும் ஆசை வெறுமையாக நிற்கிறது. ஏழாம் காட்சியில் மக்பெத் தனியே நின்று கணக்குப் பார்க்கிறான்: டங்கன் என் உறவினன், என் மன்னன், என் வீட்டு விருந்தாளி, நல்ல அரசன். மறுபக்கத் தட்டில் வைக்க அவனிடம் ஒன்றுமில்லை, அந்த அம்பிஷனைத் தவிர. எனக்கு அநீதி இழைத்தார்கள் என்று சொல்லிக்கொள்ளும் ஆறுதல்கூட இல்லை. அதனால்தான் அவன் மனத்தை அவ்வளவு தெளிவாக நம்மால் பார்க்க முடிகிறது.

இதை வாசித்தபோது எங்களுக்கு யாழ்ப்பாணத்துச் சங்கிலியின் நினைவு வந்தது. 1617இல் எதிர்மன்னசிங்கன் இறந்தபோது வாரிசு சிறு குழந்தை. அரசகேசரி பரிபாலகனாக நியமிக்கப்பட்டான். சங்கிலி அரசகேசரியையும் அரச குலத்து இளவரசர் பலரையும் கொன்று அதிகாரத்தைக் கைப்பற்றினான். எழுந்த எதிர்ப்பைத் தஞ்சை நாயக்கனின் படையுதவியோடு அடக்கினான். 1619இல் பிலிப் டி ஒலிவேரா தலைமையில் வந்த போர்த்துக்கேயர் அவனைச் சிறைப்பிடித்தனர். கோவாவில் 1623இல் அவனுக்கு மரணதண்டனை நிறைவேறியது. மக்பெத் நாடகம் முதன்முதலாக அச்சேறியதும் அதே 1623இல்தான்.

யாழ்ப்பாண வைபவமாலை இக்கதையை வேறு விதமாகச் சொல்லும். ஒல்லாந்த அதிகாரி ஒருவரின் வேண்டுகோளுக்காக 1736இல் மயில்வாகனப் புலவர் இயற்றிய நூல் அது. அதிலே இரண்டு சங்கிலிகள் ஒருவராகக் கலந்துவிடுகிறார்கள். அங்கும் ஆரூடம் உண்டு. ஆனால் அதைக் கேட்பவன் கொலைசெய்யப் போகிறவன் அல்லன், தந்தை பரராசசேகரன். முனிவர் ஒருவர் அவனுக்கு வரப்போகும் கேட்டையெல்லாம் சொல்கிறார்.

இன்று நல்லூரில் சங்கிலியனுக்குச் சிலை உண்டு; அவன் பெயரில் தோப்பு உண்டு. அந்நியனை எதிர்த்தவன் என்று நாம் போற்றுகிறோம். அதில் பொய்யில்லை, போர்த்துக்கேயர் செய்த அநீதி உண்மையானது. ஆனால் 1617இல் அரண்மனையில் வெட்டுண்டவர்கள் போர்த்துக்கேயர் அல்லர். நம்மவர்களே. பிந்திய அநீதி முந்திய கொலையை மூடிவிட்டது. அவனுக்கு ஒரு முறைப்பாடு இருந்தது. ஆகவே அவனுடைய ஆசையை நாம் விசாரிக்கவில்லை.

நாடு விட்டு வந்த நமக்கு இது தூரத்துப் பாடமல்ல. நம்மிடம் உள்ள முறைப்பாடுகள் உண்மையானவை. எரிந்த வீடும் இழந்த உறவும் கட்டுக்கதைகள் அல்ல. அதனாலேயே, நம்முள் ஒருவர் இன்னொருவரை வீழ்த்தியபோது, அது நியாயத்துக்காகவா அதிகாரத்துக்காகவா என்று கேட்க நாம் கூச்சப்பட்டோம். கேட்டவரைத் துரோகி என்றோம். போர்க்களத்திலிருந்து வந்த புகழ்மொழியை, டங்கனைப் போல, மகிழ்ந்து கேட்டோம். 2009இல் போர் முடிந்து இத்தனை ஆண்டுகளான பின்னரும், இங்கே ஒரு சங்கத்தின் தலைவர் பதவிக்கு நடக்கும் இழுபறியில்கூட இனத்தின் துயரமே முன்னால் நிறுத்தப்படுகிறது. பதவி ஆசை அதன் பின்னால் நிற்கிறது. குற்றஞ்சாட்ட இதை எழுதவில்லை. அந்தக் கூட்டங்களில் கைதட்டியவர்களில் நாங்களும் இருந்தோம்.

பிள்ளை கட்டுரையை எழுதி முடித்தாள். எந்தச் சொல்லும் சரிவராததால் அம்பிஷன் என்பதை அப்படியே விட்டுவிட்டாள். ஆனால் தன் குறிப்புக் கொப்பியில் இலட்சியம் என்று எழுதி, ஓர் அம்புக்குறி இட்டு, பேராசை என்று எழுதியிருந்தாள். "எந்த இடத்தில மாறுது?" என்று கேட்டாள். நான்காம் காட்சியைப் புரட்டி, மல்கமின் பெயர் அறிவிக்கப்படும் இடத்தைக் காட்டினோம். அங்கே அவனிடமிருந்து யாரும் எதையும் பறிக்கவில்லை. பறித்துவிட்டார்கள் என்று அவன் நினைத்துக்கொண்டான்.

சிறிது யோசித்துவிட்டு, "உண்மையாவே பறிச்சிருந்தா?" என்று கேட்டாள்.

பரீட்சையில் இந்தக் கேள்வி வராது. நமக்கு வந்த கேள்வி அதுதான்.