நெட்டிக் கோயில் மாதிரி

நெட்டிச் செடியின் வெண்ணிறத் தண்டைச் செதுக்கி, கோயில்களையும் கட்டடங்களையும் சிற்றளவில் உருவாக்கும் தஞ்சாவூர்க் கைவினை. நீர்நிலைகளிலும் சதுப்பிலும் வளரும் இச்செடியின் தாவரவியற்பெயர் ஈஸ்கினோமினி ஆஸ்பெரா. காய்ந்த தண்டின் தோலைச் சீவினால் கிடைக்கும் உட்பகுதி பஞ்சுபோல் மென்மையானது, மிக இலேசானது. கூரிய கத்தியால் அதை மெல்லிய தகடுகளாகவும் குச்சிகளாகவும் நறுக்கி, தூண், மாடம், கலசம் எனத் தனித்தனியே செதுக்கிப் பசையால் ஒட்டுவர். பெரும்பாலும் வண்ணம் பூசுவதில்லை. தந்தத்தை ஒத்த வெண்மையே இதன் தனியழகு. தூசி படாதிருக்கக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைப்பர்.

1010இல் நிறைவுற்ற தஞ்சைப் பெரிய கோயிலின் மாதிரியே மிகவும் புகழ்பெற்றது. 13 தள விமானத்தைக் கையளவில் அடுக்குவதற்கு அசாத்தியப் பொறுமை வேண்டும். இக்கைவினை 2020இல் புவிசார் குறியீடு பெற்றது. வங்காளத்தில் இதே தண்டு சோலா எனப்படும். மணமகன் அணியும் டோப்பர் முடி அதில் செய்யப்படுகிறது.