மாயாவி வந்த வழி

அமெரிக்க அதிபர் கென்னடி சுட்டுக் கொல்லப்பட்ட மறுநாள், 1963 நவம்பர் 23 அன்று, பிபிசி தொலைக்காட்சியில் 'டாக்டர் ஹூ' என்ற அறிவியல் புனைகதைத் தொடர் தொடங்கியது. போலீஸ் தொலைபேசிக் கூண்டின் வடிவில் ஒரு கால இயந்திரம், அதில் ஏறி யுகம் விட்டு யுகம் தாவும் 'டாக்டர்' என்ற ஒரு கிழவர், குறைந்த செலவில் கட்டிய அரங்குகள். முதல் கதையை இயக்கிய வாரிஸ் ஹுசைன் லக்னோவில் பிறந்தவர். அப்போது அவருக்கு வயது 24. அன்றைய பிரிட்டிஷ் சிறுவர்கள் இன்று தாத்தாக்களாகிவிட்டார்கள். அந்தத் தொடரைப் பற்றிய பேச்சு மட்டும் அவர்களிடம் ஓயவில்லை. இதற்கு ஈடான ஓர் ஏக்கம் தர்மபுரிக்கும் கிருஷ்ணகிரிக்கும் நடுவே, சேலம்–பெங்களூரு சாலையோரம் இருக்கும் காரிமங்கலம் போன்ற ஊரில் உண்டா என்று கேட்டால், உண்டு என்றே சொல்வேன். ஆனால் அதைத் தொலைக்காட்சிப் பெட்டிக்குள் தேடக் கூடாது. பிரிட்டனின் அறிவியல் புனைகதை இந்தப் பக்கத்துக்கு வந்தது சிவகாசித் தாளில். அது நெஞ்சில் தங்கியதற்குக் காரணமும் அந்தத் தாள்தான்.

அலைவரிசை வந்த கதையை முதலில் பார்த்துவிடலாம். சென்னையில் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியது. அந்தக் கோபுரத்தின் வீச்சு சென்னையைச் சுற்றிய வட்டாரத்தோடு முடிந்துபோனது; இருநூற்றைம்பது கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் காரிமங்கலத்துக்கு அதனால் பயனில்லை. அதே மாதத்தில்தான் அமெரிக்கச் செயற்கைக்கோள் ஒன்றின் உதவியோடு 'சைட்' என்ற கிராமத் தொலைக்காட்சிச் சோதனையும் தொடங்கியது. ஆந்திரம், கர்நாடகம், ஒரிசா, பீகார், மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான் ஆகிய ஆறு மாநிலங்களில் சுமார் 2,400 கிராமங்கள் அதில் சேர்ந்தன. தமிழ்நாடு சேரவில்லை. வேடிக்கை என்னவென்றால், கொழும்பில் குடியிருந்த பிரிட்டிஷ் அறிவியல் புனைகதை எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கின் வீட்டு மாடிக்கு அந்த ஒளிபரப்பைப் பார்க்க இந்தியப் பொறியாளர்கள் ஓர் ஆன்டெனா அமைத்துக் கொடுத்தார்கள். இந்தியக் கிராமத்துக்கென்று தயாரித்த நிகழ்ச்சிகள் கடல் தாண்டி அவருக்குக் கிடைத்தன, தர்மபுரி மாவட்டத்துக்குக் கிடைக்கவில்லை. 1983 ஆகஸ்டில் இன்சாட்-1பி விண்ணுக்குப் போய், 1984இல் நாடெங்கும் சிறு ஒளிபரப்பிகள் மளமளவென்று முளைத்த பிறகே சிற்றூர்களின் கூரைகளில் ஆன்டெனா ஏறியது. அப்போதும் வந்தவை என்ன? 'ஸ்டார் ட்ரெக்' ஆங்கிலத்தில், 'ஸ்பேஸ் சிட்டி சிக்மா' இந்தியில். இரண்டும் பார்த்தவருக்கு வியப்பூட்டியிருக்கும். ஆனால் தமிழும், வீட்டுக்கு வீடு தெலுங்கோ கன்னடமோ பேசும் ஒரு வட்டாரத்தில் அந்தக் கதைகள் எவ்வளவு தூரம் உள்ளே போயிருக்க முடியும்?

கூரைகளில் ஆன்டெனா ஏறுவதற்குப் பன்னிரண்டு ஆண்டுகள் முன்னதாகவே, 1972இல், சிவகாசியில் சௌந்தரபாண்டியன் முத்து காமிக்ஸைத் தொடங்கிவிட்டார். முதல் இதழே 'இரும்புக்கை மாயாவி'. 1962இல் லண்டனில் தொடங்கிய 'வேலியண்ட்' வார இதழில் வந்த கதை அது. எழுதியவர் அறிவியல் புனைகதைக்காரர் கென் புல்மர். வரைந்தவர் ஸ்பெயின் நாட்டு ஓவியர் ஜெசூஸ் பிளாஸ்கோ. ஆய்வுக்கூட விபத்தில் வலது கையை இழந்த லூயிஸ் கிராண்டேலுக்கு இரும்புக் கை பொருத்துகிறார்கள். மின்சாரம் பாய்ந்தால் உடல் மறைந்து கை மட்டும் தெரியும். 1984இல், தூர்தர்ஷன் கோபுரங்கள் எழும்பிய அதே ஆண்டில், லயன் காமிக்ஸ் வந்தது. 'ஸ்பைடர்' என்ற குற்றச் சக்கரவர்த்தியும் 'ஆர்ச்சி' என்ற இரும்பு மனிதனும் அதன் வழியாகத் தமிழுக்கு வந்தார்கள். ஸ்பைடர் கதைகளில் பலவற்றை எழுதியவர் சூப்பர்மேனைப் படைத்த இருவரில் ஒருவரான ஜெரி சீகல் என்பதை அன்றைய வாசகர் எவரும் அறிந்திருக்க வாய்ப்பில்லை. ஆர்ச்சிக்கும் பின்னாளில் ஒரு கால இயந்திரம் கிடைத்தது, கோட்டை வடிவில். டாக்டருடைய கூண்டுக்கு அது பங்காளிதான். லண்டனில் இந்தக் கதைகள் வாரம் இரண்டு மூன்று பக்கமாக, தொலைக்காட்சித் தொடரைப் போலவே, ஆவலைத் தூண்டி நிறுத்தி நிறுத்தி வந்தவை. சிவகாசியில் அவை ஒரு கதைக்கு ஒரு புத்தகம் என்று முழுசாக அச்சாயின. இந்த மாற்றத்தைச் சிறியதென்று நான் நினைக்கவில்லை. வாரத் துண்டு படித்ததும் பழசாகிவிடும். முழுப் புத்தகத்தை இரவல் கொடுக்கலாம், மாற்றிக்கொள்ளலாம், அட்டை போட்டு வைத்துக்கொள்ளலாம், பத்தாம் முறை படிக்கலாம். ஒளிபரப்பியின் எல்லைக்கோடு எங்கே முடிகிறது என்ற கவலையும் இல்லை; பேருந்தும் தபாலும் போகிற ஊருக்கெல்லாம் அது போகும்.

தொலைக்காட்சி பார்த்தவர்களுக்கும் ஏக்கம் இருக்கிறதே, தூர்தர்ஷனின் 'ஒளியும் ஒலியும்' பாடல் நிகழ்ச்சி என்றால் இன்றும் முகம் மலர்கிறார்களே என்று கேட்கலாம். உண்மைதான். ஆனால் அவர்கள் சொல்வதைக் கூர்ந்து கேட்டால், அது பெரும்பாலும் ஒரு வீட்டுக் கூடத்தில் தெருவே கூடி உட்கார்ந்ததைப் பற்றியும், மாடியில் ஏறி ஆன்டெனாவைத் திருப்பியதைப் பற்றியும் இருக்கும். கதையைக் கேட்டால் மங்கலாகத்தான் சொல்வார்கள். மாயாவியின் வாசகரோ எந்தப் பக்கத்தில் எந்தக் கம்பியைக் கிராண்டேல் தொட்டான் என்பதைச் சொல்வார். ஏக்கத்துக்குத் திரும்பிப் போய்ப் பார்க்க ஒரு பொருள் வேண்டும். அந்தக் கால ஒளிபரப்பு அதைத் தரவில்லை. பிரிட்டனே இதற்குச் சாட்சி. பழைய நாடாக்களை அழித்து மறுபடி பயன்படுத்தும் வழக்கத்தில் 'டாக்டர் ஹூ'வின் ஆரம்ப கால அத்தியாயங்களில் ஏராளமானவற்றை பிபிசி இழந்தது. 2013இல் ஒன்பது அத்தியாயங்கள் கிடைத்தன. கிடைத்த இடம் லண்டன் அல்ல, நைஜீரியா. காணாமல் போனவற்றின் ஒலி முழுவதும் மிஞ்சியிருப்பதற்குக் காரணம், ரசிகர்கள் சிலர் வீட்டில் தொலைக்காட்சிக்குப் பக்கத்தில் டேப் ரெக்கார்டரை வைத்துப் பதிவு செய்ததுதான். 1973 முதல் டார்கெட் என்ற பதிப்பகம் அந்தக் கதைகளை மலிவுப் பதிப்பாக நாவல்களாக்கியது. வீடியோ வருவதற்கு முன் பிரிட்டிஷ் சிறுவர்கள் தங்கள் டாக்டரிடம் திரும்பிப் போன வழி அந்தப் புத்தகங்கள். ஆக, தொலைக்காட்சி பிறந்த நாட்டிலேயே தொலைக்காட்சி நினைவைக் காப்பாற்றியது தாள்தான் என்றால், காரிமங்கலத்தில் வேறு எப்படி இருந்திருக்க முடியும்?

இதற்கு எதிராகச் சொல்லக்கூடிய வலுவான ஆட்சேபம் எழுத்தறிவு. 2011 கணக்கெடுப்பில் தர்மபுரி மாவட்டத்தின் எழுத்தறிவு 68.54 விழுக்காடு, தமிழ்நாட்டு மாவட்டங்களில் அதுவே கடைசி. எழுபதுகளில் நிலைமை இன்னும் மோசம். அப்படிப்பட்ட இடத்தில் படிக்கத் தெரியாதவரும் பார்க்கக்கூடிய தொலைக்காட்சியை விட்டுவிட்டு அச்சுப் புத்தகத்தைப் பற்றிப் பேசலாமா? இந்தக் கேள்வியில் பாதியை ஒப்புக்கொள்கிறேன். காமிக்ஸ் ஏக்கம் என்பது பள்ளிக்கூடம் போன பிள்ளைகளின் ஏக்கம். அவர்களிலும் பெரும்பகுதி பையன்கள். ஆட்டுக்குப் பின்னால் போன பிள்ளைக்கும், வீட்டு வேலையில் கட்டுண்ட பெண்பிள்ளைக்கும் அதில் பங்கு குறைவு. ஊர் முழுவதின் நினைவு என்று அதைத் தூக்கிப்பிடிப்பது பொய்யாகும். ஆனால் எண்பதுகளின் தொலைக்காட்சி அதைவிடக் குறுகிய வட்டம். பெட்டி வாங்கக் காசுள்ள சில வீடுகள், அதிலும் ஆங்கிலமோ இந்தியோ புரிகிறவர்கள். தமிழ்நாட்டில் எளிய வீடுகளுக்கெல்லாம் தொலைக்காட்சியைக் கொண்டுபோனது 2006இல் தொடங்கிய இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டம். அதற்குள் விண்வெளிக் கப்பல்கள் போய், மாமியார் மருமகள் தொடர்கள் வந்துவிட்டன.

இன்னொரு ஆட்சேபம் தரத்தைப் பற்றியது. மின்சாரம் பாய்ந்தால் மனிதன் மறைவான் என்பதில் என்ன அறிவியல் இருக்கிறது? எதுவும் இல்லை. ஆர்ச்சியின் காட்டுக் கதைகளில் பூர்வகுடிகளைக் காட்டியிருக்கும் விதம் இன்றைய பிள்ளைகள் கையில் யோசிக்காமல் கொடுக்கத்தக்கதும் அல்ல; காலனி ஆதிக்கத்தின் இறுமாப்பு அதில் அப்பட்டமாகத் தெரிகிறது. நன்றாக வரைந்த கதை, மோசமாக வரைந்த கதை என்ற வேறுபாடும் உண்டு. பிளாஸ்கோவின் ஒளியும் நிழலும் இன்றும் நிற்கின்றன, ஸ்பைடரின் வசனங்கள் நிற்கவில்லை. ஆனால் தரம் குறைந்தது என்பதால் அதன் வரலாறு எழுதத் தகாதது ஆகிவிடாது. 'டாக்டர் ஹூ' மட்டும் இயற்பியல் பாடமா என்ன? அந்த இதழ்கள் செய்த காரியம் வேறு. இயந்திரம், ஆய்வுக்கூடம், எதிர்காலம் என்பவை தமிழில் வேகமாகப் படிக்கத்தக்கவை என்று ஒரு தலைமுறையைப் பழக்கின.

அதன் பலனை எழுத்தாளர் சுஜாதா அறுவடை செய்தார் என்பது என் கருத்து. காரிமங்கலம் வழியாகப் போகும் அதே சாலையின் வடகோடியில், பெங்களூரு பாரத் எலெக்ட்ரானிக்ஸில் பொறியாளராக இருந்தவர் அவர். ஆனந்த விகடனில் அவர் தொடராக எழுதிய 'என் இனிய இயந்திரா'வில் ஜீனோ என்ற இயந்திர நாய் வருகிறது. 'டாக்டர் ஹூ'வில் 1977இலேயே கே-9 என்ற இயந்திர நாய் வந்துவிட்டது. ஒன்றிலிருந்து மற்றொன்று பிறந்தது என்று சொல்ல ஆதாரம் இல்லை, சொல்லவும் வேண்டாம். கவனிக்க வேண்டியது வேறு. அந்தக் கதை பின்னர் தூர்தர்ஷனில் தமிழ்த் தொடராக வந்தது. தமிழ் அறிவியல் புனைகதைக்குத் தொலைக்காட்சியில் கிடைத்த அரிய வாய்ப்பு அது. இன்று ஜீனோவைப் பற்றிப் பேசுகிறவர்களில் பெரும்பாலோர் புத்தகத்தை வைத்துத்தான் பேசுகிறார்கள். திரையில் ஓடிய நாயைவிடத் தாளில் பேசிய நாய் நீண்ட நாள் வாழ்கிறது.

2018இல் பழைய பிரிட்டிஷ் காமிக்ஸ் களஞ்சியத்தின் பெரும்பகுதியை ரெபெல்லியன் என்ற நிறுவனம் விலைக்கு வாங்கி, இரும்புக்கைக்காரனை மறுபடி புத்தகமாக வெளியிட்டது. சிவகாசியிலும் அவனுடைய மறுபதிப்புகள் வந்துவிட்டன. கதைகளுக்கு ஆபத்தில்லை, ஆபத்து அந்தப் பழைய தமிழ் இதழ்களுக்குத்தான். மாவட்ட நூலகங்கள் அவற்றை நூலாக மதித்துச் சேர்த்ததாகத் தெரியவில்லை. தர்மபுரி மாவட்டத்தில் எவர் வீட்டுப் பரணிலாவது எழுபதுகளின் முத்து காமிக்ஸ் இருந்தால் பழைய பேப்பர்காரரிடம் எடைக்குப் போடாதீர்கள். தொண்ணூறுகளில் தூர்தர்ஷன் தொடரைப் பதிவு செய்த வீடியோ கேசட் கிடந்தால், பூஞ்சை பிடிப்பதற்குள் அதையும் கணினியில் ஏற்றி வையுங்கள்.