மகேஷ் சந்திரரும் ‘இந்தியத் தற்காப்பு’ம்: ஒரு பெயரின் வரலாறு

சதுரங்கம் ஆடத் தெரிந்த எவரிடமும் ‘கிங்ஸ் இண்டியன்’ என்றால் அவர் உடனே காய்களை நகர்த்திக் காட்டிவிடுவார். ‘நிம்சோ இண்டியன்’, ‘குவீன்ஸ் இண்டியன்’, ‘போகோ இண்டியன்’, ‘ஓல்ட் இண்டியன்’ என அந்தக் குடும்பம் பெரியது. நிம்சோவிச் ரீகா நகரில் பிறந்தவர். போகோல்யூபவ் உக்ரேனியர். இவர்களுடைய பெயர்களோடு ‘இந்திய’ என்ற அடைமொழி எப்படி ஒட்டிக்கொண்டது என்று கேட்டால் பலரும் சொல்லும் விடை, சதுரங்கம் இந்தியாவில் தோன்றியது என்பதே. அந்த விடை பிழையானது. அடைமொழிக்குப் பின்னால் ஆயிரத்து ஐந்நூறு ஆண்டுக்காலத் தொன்மை எதுவும் இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் கல்கத்தாவில் வாழ்ந்த ஒரு தனிமனிதர் இருக்கிறார்.

ஜான் காக்ரேன் ஸ்காட்லாந்துக்காரர், வழக்கறிஞர், இலண்டனில் பெயர் பெற்ற ஆட்டக்காரர். வாழ்நாளின் பெரும்பகுதியைக் கல்கத்தா நீதிமன்றத்தில் கழித்தவர். 1840களின் தொடக்கத்தில் விடுப்பில் தாயகம் சென்று ஸ்டான்டனுடன் பல ஆட்டங்கள் ஆடிவிட்டு, 1843இல் கல்கத்தா திரும்பினார். அங்கே தமக்கு இணையான எதிரி கிடைப்பார் என்று அவர் எதிர்பார்த்திருக்க மாட்டார். கிடைத்தார். ஸ்டான்டன் நடத்திய ‘செஸ் பிளேயர்ஸ் கிரானிக்கிள்’ இதழில் 1850இல் வெளியான ஒரு கல்கத்தாக் கடிதம் அந்த எதிரியை அறிமுகம் செய்கிறது: காக்ரேனோடு சமமாக அமர்ந்து ஆடத் தகுந்த ஒரே ஆள், உட்பகுதி வங்காளத்தில் கழக உறுப்பினர் ஒருவர் கண்டெடுத்த ஒரு பிராமணர். ஐரோப்பிய முறையில் கோட்டை கட்டும் விதியைக்கூட அப்போது அவர் சரிவர அறிந்திருக்கவில்லை. கழகம் அவரைச் சம்பளத்துக்கு அமர்த்திக்கொண்டது. அவரே மகேஷ் சந்திர பானர்ஜி.

‘சம்பளத்துக்கு அமர்த்திக்கொண்டது’ என்ற தொடரில் சற்று நிற்க வேண்டியிருக்கிறது. நீதிமன்ற வழக்கறிஞர் பொழுதுபோக்காக ஆடுகிறார். எதிரே அமர்ந்திருப்பவர் பணியாளாக ஆடுகிறார். ஆட்டங்களைக் குறித்து இலண்டனுக்கு அனுப்பியவர் முன்னவர். எனவே நமக்குக் கிடைத்திருக்கும் நூற்றுக்கணக்கான ஆட்டங்களும் காக்ரேனின் ஏடு வழியே கிடைத்தவைதாம். அவர் அனுப்பியிராவிட்டால் பின்னவரின் ஒரு நகர்வும் எஞ்சியிராது என்பதும் உண்மை.

அந்நாளைய இந்தியச் சதுரங்கத்தில் சிப்பாய் முதல் நகர்விலேயே இரண்டு கட்டம் பாயும் வழக்கம் இல்லை. ஒவ்வோர் அடியாகவே செல்லும். ஆகவே நடுப்பகுதியை விரைந்து கைப்பற்றும் ஐரோப்பிய அவசரம் அங்கே எழவில்லை. ராஜாவின் பக்கத்துக் குதிரைக்கு முன்னுள்ள சிப்பாயை ஒரு கட்டம் தள்ளி, அந்த இடுக்கில் மந்திரியை நிறுத்தி, மூலையிலிருந்து நீண்ட மூலைவிட்டத்தைக் காவல் காப்பது இயல்பான முறையாயிற்று. மகேஷ் சந்திரரின் கையிருப்பு இதிலிருந்து வந்தது என்பதே வழக்கமான விளக்கம். அதில் எனக்குப் பாதி உடன்பாடுதான். ஐரோப்பிய விதிகளைக் கற்ற பிறகும் அவர் அதே அமைப்பைத் தேர்ந்தார். இரண்டு கட்டப் பாய்ச்சலையும் வேண்டிய இடத்தில் பயன்படுத்தினார். பழக்கத்தின் எச்சம் என்று மட்டும் சொல்லிவிட்டால், அவர் சிந்தித்து ஆடினார் என்பதை மறுத்தவர்களாவோம்.

சான்றாக 1855ஆம் ஆண்டு ஆட்டம் ஒன்றைப் பார்க்கலாம். வெள்ளைக் காய்கள் காக்ரேனுக்கு. கறுப்பு, மந்திரிக்கு மூலையில் இடம் ஒதுக்கிவிட்டு, மூன்றாம் நகர்வில் ராணியின் சிப்பாயை இரண்டு கட்டம் பாய்ச்சி வெள்ளையின் நடுப்பகுதியை நேரே இடிக்கிறது. பின்னர் குதிரையைக் கொடுத்துக் குதிரையை வாங்கி, எஞ்சிய நடுச்சிப்பாய்களைப் பக்கத்திலிருந்து அரிக்கிறது. இன்று எந்த மாணவரும் இதைக் ‘குரூன்ஃபெல்ட் தற்காப்பு’ என்பார். வியன்னாவைச் சேர்ந்த எர்ன்ஸ்ட் குரூன்ஃபெல்ட் அதைப் பன்னாட்டு அரங்குக்குக் கொண்டுவந்து அலெகினை வீழ்த்தியது 1922இல். கல்கத்தா ஆட்டத்துக்கு அறுபத்தேழு ஆண்டுகளுக்குப் பின்.

அந்தக் கல்கத்தா ஆட்டத்தில் மகேஷ் சந்திரர் தோற்றார். காக்ரேன் குதிரையைக் கொண்டு அழகாக முடித்துவிட்டார். தொடக்க ஆட்டங்களுக்குப் பெயர் சூட்டும் வழக்கத்தில் வெற்றிக்கு உள்ள பங்கைப் பேசுவோர் இதை மறக்கலாகாது. ஆனால் தோல்வி மட்டுமே காரணம் என்றும் சொல்ல இயலாது. 1848இல் இதே இருவர் ஆடிய பெட்ரோவ் ஆட்டம் ஒன்றில் காக்ரேன் நான்காம் நகர்விலேயே குதிரையைப் பலியிட்டார். அது இன்றும் ‘காக்ரேன் காம்பிட்’. ஒரே மேசை, ஒரே இருவர். ஒருவருக்குத் தம் பெயரில் ஒரு தொடக்கம் கிடைத்தது, மற்றவருக்கு நாட்டின் பெயர் கிடைத்தது. ‘இந்தியத் தற்காப்பு’ என்ற தொடர் 1884இலேயே அச்சில் வந்துவிட்டது. மகேஷ் சந்திரர் காக்ரேனுக்கு எதிராக ஆடியது என்பதே அதற்குச் சொல்லப்பட்ட காரணம். 1920களில் ரேட்டியும் நிம்சோவிச்சும் டார்ட்டகோவரும் நடுப்பகுதியைத் தொலைவிலிருந்து ஆள்வதைக் கொள்கையாகவே முன்வைத்தபோது அப்பெயர் ஒரு பெருங்குடும்பத்துக்குக் குடும்பப்பெயர் ஆயிற்று. ஆளின் பெயர் அதற்குள் உதிர்ந்துவிட்டது.

பெயர்கள் இப்படிக் கட்டுக்கடங்காமல் பெருகியதால்தான் வகைப்படுத்தும் தேவையும் எழுந்தது. 1843இல் வெளிவந்த பில்கரின் ஜெர்மன் கையேடு நகர்வுகளை அட்டவணைகளாக அடுக்கிக் காட்டியது. 1966இல் பெல்கிரேடில் மட்டானோவிச் தொடங்கிய ‘இன்ஃபார்மேட்டர்’ வெளியீடுகள், மொழி வேறுபாடின்றி எவரும் படிக்கும்படி சொற்களை அகற்றிக் குறியீடுகளைக் கொண்டுவந்தன. அதன் தொடர்ச்சியாக 1974 முதல் வெளிவந்த தொடக்க ஆட்டக் கலைக்களஞ்சியம் எல்லாத் தொடக்கங்களையும் ஏ முதல் ஈ வரை ஐந்து தொகுதிகளில், தொகுதிக்கு நூறாக, ஐந்நூறு எண்களில் அடக்கியது. நகர்வுகளின் வரிசை வேறாயினும் சென்றுசேரும் நிலை ஒன்றாயின் எண்ணும் ஒன்றே. ‘சிசிலியன்’ என்றோ ‘டிராகன்’ என்றோ சொன்னால் கிடைக்கும் சுவை அதில் இல்லை. ஆனால் யார் பெயர் விடுபட்டது என்ற பூசலும் இல்லை.

அந்தப் பகுப்பின்படி ஈ தொகுதி முழுவதும் இந்தியத் தற்காப்புகளுக்கு உரியது. 1855ஆம் ஆண்டு ஆட்டத்தை அதில் தேடினால் கிடைக்காது. மூன்றாம் நகர்வில் ராணியின் சிப்பாய் பாய்ந்துவிட்டபடியால் அது மூடிய ஆட்டங்களுக்கான டி தொகுதிக்குப் போய்விட்டது: டி94, குரூன்ஃபெல்ட். தேடச் செல்வோர், எதிராளியின் பெயரை மொஹேஷ்சந்தர், மோஹிஷுண்டர், பானர்ஜி, போனர்ஜி ஆகிய எல்லா எழுத்துக்கூட்டலிலும் தேடிப் பார்ப்பது நல்லது.