நெடுந்தடமும் தோளின் சுமையும்

நெடுநடைக்கு ஆயத்தமாகும் புதியவர் எவரும் முதலில் கேட்பது, எதையெல்லாம் எடுத்துச் செல்ல வேண்டும் என்பதைத்தான். கடைக்காரரிடம் அதற்கு நீண்ட பட்டியல் உண்டு. நாம் அக்கேள்வியை வரலாற்றிடம் கேட்டுப் பார்ப்போம். அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில், ஜார்ஜியா முதல் மெய்ன் வரை பதினான்கு மாநிலங்களினூடே ஏறத்தாழ 3,500 கிலோமீட்டர் நீளும் அப்பலாச்சியன் நெடுந்தடத்தின் கதை அதற்குப் பொருத்தமானது.

அத்தடத்தைக் கனவு கண்டவர் பென்டன் மக்காய் என்னும் வனவியலாளர். 1921ஆம் ஆண்டு ஏப்ரலில் தம் மனைவியைத் தற்கொலைக்குப் பறிகொடுத்த அவர், அவ்வாண்டு அக்டோபரில் கட்டிடக் கலைஞர் சங்கத்தின் இதழொன்றில் இத்திட்டத்தை வெளியிட்டார். ஆலை நகரங்களில் களைத்த மனிதர்கள் சில நாட்கள் மலையில் இளைப்பாற வேண்டும் என்பதே அவர் எண்ணம். முழுத் தொலைவையும் ஒரே மூச்சில் நடப்பது அவர் நோக்கமன்று. கனவைத் தரைக்குக் கொண்டுவந்தவர் மைரன் ஏவரி என்னும் வழக்கறிஞர். அளவுச் சக்கரத்தை உருட்டியபடி அவர் மலைமலையாக நடந்தார். முகட்டின்மீது மோட்டார்ச் சாலை வரலாமா என்ற பூசலில் இருவரும் பிரிந்தனர். எனினும் தன்னார்வலர்களின் உழைப்பால் 1937 ஆகஸ்டில் தடம் முழுமை பெற்றது.

1948இல் ஏர்ல் ஷாஃபர் என்னும் இளைஞர் ஜார்ஜியாவிலிருந்து புறப்பட்டார். இரண்டாம் உலகப் போரில் பசிபிக் களத்திலிருந்து திரும்பியவர்; தம்முடன் இத்தடத்தில் நடக்கக் கனவு கண்டிருந்த நண்பனை ஐவோ ஜீமாவில் இழந்தவர். போரை உள்ளத்திலிருந்து நடந்தே கரைத்துவிட வேண்டும் என்று விரும்பினார். 124 நாட்களில் மெய்ன் மாநிலத்தின் கட்டாடின் மலையை அடைந்தார். முழுத் தடத்தையும் ஒரே பயணமாக நடந்தவர்களில் முதல்வராக அவர் அறியப்படுகிறார்.

அவருக்குப் பின் வந்தவர் எம்மா கேட்வுட். ஒஹையோவின் வேளாண் குடும்பத்துப் பெண். பதினொரு பிள்ளைகளின் தாய். கணவரின் அடிகளிலிருந்து தப்ப அடிக்கடி காட்டுக்குள் ஓடி ஒளிந்த அவர், பின்னர் மணவிலக்குப் பெற்றார். 1954இல் கட்டாடினிலிருந்து நடக்கத் தொடங்கிச் சில நாட்களிலேயே வழிதவறினார். மூக்குக் கண்ணாடி உடைந்தது. வனக் காவலர்கள் வீட்டுக்கு அனுப்பினர். மறு ஆண்டு மே மாதம், 67 வயதில், மறுமுனையான ஜார்ஜியாவிலிருந்து மீண்டும் தொடங்கினார். கால்களில் கான்வாஸ் காலணி. தோளில் தாமே தைத்த துணிப்பை. மழைக்குக் குளியலறைத் திரைச்சீலை. குளிருக்கு ஒரு போர்வை. கூடாரம் இல்லை. செப்டம்பர் 25 அன்று கட்டாடின் உச்சியில் நின்றார்.

அந்தத் துணிப்பையை அப்படியே பின்பற்றச் சொல்வது நம் கருத்தன்று. உண்ணத்தக்க செடிகளை அறிந்த, வாழ்நாளெல்லாம் வயலில் உழைத்த உடல் அது. நகரத்திலிருந்து போகும் நமக்கு நனையாத உடையும் வெப்பமான படுக்கையும் வேண்டும். கோடை மழையிலும் உடல் விறைத்து உயிர் போவதுண்டு. ஆயினும் ஒவ்வொரு பொருளையும் கையில் எடுத்து, இது தேவைக்காகவா, அச்சத்துக்காகவா என்று கேட்டுப் பார்க்கலாம். அச்சத்துக்காக எடுத்தவைதாம் தோளை அதிகம் அழுத்துகின்றன.

பிற பாடங்களும் இக்கதையிலேயே உள்ளன. முதலில் இரண்டு மூன்று நாள் நடையில் காலணியையும் பையையும் பழக்குக. தெற்கிலிருந்து வசந்தத்தில் புறப்படுவோர் அக்டோபர் நடுப்பகுதிக்குள் வடமுனையை எட்டத் திட்டமிடுக. மரங்களில் தீட்டிய வெள்ளைப் பட்டை நெடுநேரம் தென்படாவிடில், கடைசியாகக் கண்ட இடத்துக்குத் திரும்புக. அப்பட்டை ஒவ்வொன்றும் ஊதியமின்றி யாரோ தீட்டியது என்பதையும் நினைவில் கொள்க.

முழுத் தடத்தையும் நடக்கத் தொடங்குவோரில் ஏறத்தாழ நால்வரில் ஒருவரே முடிக்கிறார். பாதியில் திரும்புவதை மக்காய் தோல்வியென்று கருதியிருக்க மாட்டார். எம்மாவும் ஒருமுறை திரும்பியவரே. அதன்பின் அவர் அத்தடத்தை மும்முறை நடந்து முடித்தார்.