முகவர் போனார், வாசகர் வந்தார்

ஏற்காட்டிலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி இறங்கினால் சேலம். அங்கிருந்து ரயிலேறினால் ஒரு மணி நேரத்தில் ஈரோடு. சேர்வராயன் மலையில் இருந்துகொண்டு தமிழ் காமிக்ஸ் படிக்கும் ஒருவர், அந்தத் தமிழை எழுதுகிறவரை நேருக்கு நேர் பார்த்து ‘இந்தக் கதையை ஏன் போட்டீர்கள்?’ என்று கேட்க வேண்டுமானால் போக வேண்டிய ஊர் அதுதான். ஆகஸ்டில் ஈரோடு புத்தகத் திருவிழா நடக்கும்போது லயன் - முத்து காமிக்ஸ் வாசகர்கள் அங்கே கூடுகிறார்கள். ஆசிரியர் எஸ். விஜயன் சிவகாசியிலிருந்து வருகிறார். புதிய இதழ்கள் வெளியாகின்றன, கேள்விகள் பறக்கின்றன. அமெரிக்காவின் காமிக்கானைப் பார்த்துப் போட்ட சூடு இது என்று சிலர் நினைக்கலாம். வரலாறு வேறு மாதிரிச் சொல்கிறது. பத்திரிகைக்கும் வாசகருக்கும் நடுவே நின்ற முகவர் விலகியதால் பிறந்த வழக்கம் இது. அதனால்தான் தலைநகரை விட்டுவிட்டுக் கொங்கு மண்ணில் அது வேர் பிடித்தது.

முத்து காமிக்ஸ் 1972-இல் ‘இரும்புக்கை மாயாவி’யோடு தொடங்கியது. நிறுவியவர் சிவகாசி எம். சௌந்திரபாண்டியன், முதல் ஆசிரியர் முல்லை தங்கராசன். 1984 ஜூலையில் நிறுவனரின் மகன் விஜயன் லயன் காமிக்ஸைத் தொடங்கினார். அதே மாதம் தினத்தந்தி குழுமத்தின் ராணி காமிக்ஸும் வந்தது. அன்று இந்தப் புத்தகங்கள் வாசகரை அடைந்த வழி ஒன்றே: அச்சகத்திலிருந்து பார்சல், முகவர், பிறகு பஸ் நிலையக் கடையும் பெட்டிக்கடையும். முகவர் கடனுக்கு எடுப்பார். விற்றது போக மிச்சத்தைத் திருப்புவார். பணம் வரும்போது வரும். எந்த ஊரில் எத்தனை பிரதி போனது என்பது பதிப்பாளருக்குத் தெரியும். யார் வாங்கினார், ஏன் வாங்கினார் என்பது தெரியாது. அந்த இருட்டில் இருந்த ஒரே சன்னல் வாசகர் கடிதம். வாசகருக்கும் இதே நிலைதான். மாயாவியின் சாகசங்களை ஆங்கிலத்தில் எழுதிய கென் பல்மர், டாம் டல்லி ஆகியோரின் பெயர்கள் நம் வாசகர்களில் பெரும்பாலோருக்குத் தெரியாது. மாயாவியைத் தமிழ் பேச வைத்தவரின் முகமும் தெரியாது.

இந்த ஏற்பாடு 1990-களில் ஆட்டம் காணத் தொடங்கியது. கேபிள் டிவி வீட்டுக்குள் வந்தது. கடைகளில் காமிக்ஸ் தொங்கிய கயிறுகளில் வேறு சரக்குகள் தொங்கின. ராணி காமிக்ஸ் 500 இதழ்களோடு 2005-இல் நின்றது. லயனும் முத்துவும் நினைத்தபோது வந்தன, பல மாதம் வராமலும் இருந்தன. 2012 ஜனவரியில் ‘கம்பேக் ஸ்பெஷல்’ வந்தபோது கதைகளோடு கணக்கும் மாறியிருந்தது. பெரிய அளவு, வண்ணம், நல்ல தாள் என்று போனதால் விலை 100 ரூபாயைத் தொட்டது. அடுத்த ஆண்டு வந்த ‘நெவர் பிஃபோர் ஸ்பெஷல்’ 400 ரூபாய். இந்த விலைக்குக் கடன் கொடுத்து, திரும்பி வரும் மிச்சத்தையும் தாங்க எந்தச் சிறு பதிப்பகத்தாலும் முடியாது. ஆகவே ஆண்டுச் சந்தா, முன்பதிவு, புத்தகக் காட்சி என்ற மூன்றுமே முக்கிய வழிகளாயின. கடையில் இரண்டு ரூபாய் கொடுத்து வாங்கியவன் பிடிக்காவிட்டால் அடுத்த மாதம் வாங்காமல் விடுவான், அவ்வளவுதான். ஓராண்டுக்கான பணத்தை முன்கூட்டியே கட்டியவர் அப்படி விடமாட்டார். என்ன கதை வரப்போகிறது, எதற்கு வண்ணம், எதற்குக் கறுப்பு வெள்ளை என்று கேட்பார். அந்த உரிமைக்கு ஓர் இடம் தேவைப்பட்டது.

அந்த இடத்தை ஈரோடு கொடுத்தது. மக்கள் சிந்தனைப் பேரவை 2005 முதல் நடத்திவரும் புத்தகத் திருவிழா, சேலம், நாமக்கல், கரூர், திருப்பூர், கோவை எனச் சுற்றியுள்ள ஊர்களிலிருந்து காலையில் கிளம்பி இரவுக்குள் வீடு திரும்பக்கூடிய தூரத்தில் நடக்கிறது. சந்திப்பில் நடப்பது என்ன என்பதற்கு ‘இரத்தப் படலம்’ நல்ல சாட்சி. ழான் வான் ஹாம் எழுதி வில்லியம் வான்ஸ் வரைந்த ‘XIII’ என்ற பெல்ஜியத் தொடர்தான் அது. 2010-இல் அதன் 18 பாகங்களும் ஒரே தொகுப்பாகக் கறுப்பு வெள்ளையில் வந்துவிட்டன. அத்தோடு முடிந்த கதை என்று எந்தக் கணக்கரும் சொல்வார். வாசகர்கள் விடவில்லை, வண்ணத்தில் வேண்டும் என்றார்கள். படித்த கதைக்கே மறுபடி பணமா, அந்த இடத்தில் புதுக்கதை வரட்டுமே என்று எதிர்த்தவர்களும் வாசகர்கள்தாம். வழக்கு ஆண்டுக்கணக்கில் இழுத்தது. கடைசியில் முன்பதிவின் பலத்தில் வண்ணத் தொகுப்பு 2018 ஆகஸ்டில் ஈரோட்டில் வெளியானது. முகவர் காலத்தில் இப்படியொரு புத்தகம் பிறந்திருக்க வழியே இல்லை.

அயல்நாட்டு வரலாற்றோடு வைத்துப் பார்த்தால் இதன் தனித்தன்மை தெளிவாகும். அமெரிக்காவில் கூட்டம் முதலில் வந்தது, நேரடி விற்பனை பிறகு வந்தது. 1964-இல் நியூயார்க்கில் ரசிகர்கள் கூடினார்கள். 1970-இல் சான் டியாகோவில் தொடங்கினார்கள். நியூயார்க்கில் இத்தகைய கூட்டங்களை நடத்திய பில் சூலிங் என்ற பள்ளி ஆசிரியர்தான் 1970-களின் தொடக்கத்தில், திருப்பி அனுப்பாத நிபந்தனையோடு பதிப்பாளர்களிடம் நேரடியாக இதழ்களை வாங்கி விற்கும் முறையை உருவாக்கினார். தமிழில் தலைகீழ்: நேரடி விற்பனை முந்தியது, கூட்டம் அதைத் தொடர்ந்தது. காமிக்ஸ் விழா என்றால் மாநகரம்தான் என்பதும் உண்மையல்ல. இத்தாலியின் லூக்காவில் 1966 முதலும், பிரான்சின் அங்குலெமில் 1974 முதலும் நடக்கும் விழாக்கள் உலகப் புகழ் பெற்றவை. இரண்டுமே நடுத்தர ஊர்கள். அங்குலெம் காகித ஆலைகளால் பெயர் பெற்ற ஊர். சிவகாசி அச்சு வளர்த்த தமிழ் காமிக்ஸ் ஈரோட்டில் கூடுவதில் வியக்க ஒன்றுமில்லை.

இதற்கு மூன்று மறுப்புகள் எழக்கூடும். முதலாவது, சென்னையிலேயே 2024 பிப்ரவரியில் காமிக்கான் வந்துவிட்டதே, ஈரோட்டில் கூடுவது எம்மாத்திரம் என்பது. எண்ணிக்கையில் ஒப்பிடவே முடியாது, சரி. ஆனால் சென்னையில் நுழைவுச்சீட்டு வாங்கிக்கொண்டு வேடமணிந்து வருபவர் பார்வையாளர். ஈரோட்டில் எழுந்து பேசுபவர் அடுத்த ஆண்டின் பட்டியலையே அசைக்கக்கூடியவர். இரண்டாவது, இது நாற்பதைக் கடந்தவர்களின் பால்யகால ஏக்கம் என்பது. மாயாவியின் மறுபதிப்பைப் பொறுத்தவரை இதில் உண்மை உண்டு. ஆனால் லார்கோ வின்ச்சும் தோர்கலும் லயன் - முத்துவில் ‘கம்பேக் ஸ்பெஷ’லுக்குப் பிறகு வந்தவர்கள். இந்த வாசகர்களின் பால்யத்தில் அவர்கள் இல்லை. ஏக்கம் மட்டுமே காரணம் என்றால் அந்தத் தொடர்கள் ஓரிரு இதழோடு நின்றிருக்கும். மூன்றாவதுதான் கனமானது: கூடுவது தமிழர்கள், கதைகளோ பெரும்பாலும் பெல்ஜியம், பிரான்ஸ், இத்தாலியிலிருந்து வந்தவை, தமிழில் சொந்தமாகக் காமிக்ஸ் எழுதுகிறவருக்கு அங்கே என்ன இடம்? வாண்டுமாமாவும் முல்லை தங்கராசனும் எழுதிய மொழியில் இந்தக் கேள்வியைத் தட்டிக்கழிக்க முடியாது. நல்ல மொழிபெயர்ப்பும் எழுத்துதான். கௌபாயைத் தமிழில் நக்கலடிக்க வைப்பது சாமானியமான வேலை அல்ல. ஆயினும் மொழிபெயர்ப்பை எடைபோடப் பழகிய வாசகர் கூட்டம், சொந்தக் கதையையும் எடைபோடத் தயாராக இருக்கும்போது மேடை மட்டும் இல்லாதிருப்பது குறைதான்.

அந்தக் குறையை ஈரோட்டின் தலையில் கட்டுவது நியாயமல்ல. ஆகஸ்ட் பள்ளிக்காலம், வருபவர்களில் பெரும்பாலோர் பெரியவர்களாக இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். பிள்ளைகள் வேண்டுமென்றால் பிள்ளைகள் இருக்கும் இடத்துக்கும் காலத்துக்கும் போக வேண்டும். மே மாதத்தில் ஏற்காட்டில் கோடை விழா நடக்கிறது. அண்ணா பூங்காவில் மலர்க் கண்காட்சி. அந்த மாதமே சேர்வராயன் கோயில் திருவிழாவுக்கு மலைக்கிராமத்து மக்கள் திரள்கிறார்கள். விடுமுறையில் குடும்பம் குடும்பமாக மலையேறி வரும் அந்தக் கூட்டத்தின் நடுவே ஒரே ஓர் அரங்கைத் தமிழில் காமிக்ஸ் எழுதுகிறவர்களுக்கும் வரைகிறவர்களுக்கும் ஒதுக்க அரசுக்கு ஆகும் செலவு மிகச் சொற்பம். ஈரோடு வளர்த்த வாசகர்கள் பக்கத்திலேயே இருக்கிறார்கள். ஒரு நாள் மலையேறி வந்து புதிய எழுத்தாளரைக் கேள்வி கேட்க அவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. சேலம் மாவட்ட நிர்வாகமும் சுற்றுலாத் துறையும் அடுத்த கோடை விழாவிலேயே இதைச் செய்து பார்க்கலாம்.