தொட்டிலுக்கும் தண்டனையா?

பிறந்து ஒரு நாழிகைகூட ஆகவில்லை. கண் திறந்து தாயின் முகத்தைக் காணவில்லை. ஒரு துளிப் பால் பருகவில்லை. ஒரு முறை அழுதது, அடங்கிவிட்டது. அந்தக் குழந்தை செய்த குற்றம் என்ன? பொய் பேசிற்றா? பிறர் பொருளைப் பறித்ததா? ஏழையின் வயிற்றில் அடித்ததா? இல்லை, இல்லை! ஆயினும் அந்தச் சிசுவுக்கு மோட்சத்தில் இடமில்லை என்றனர் மதவாணர். தலையில் நீர் வார்த்து ஞானஸ்நானம் செய்யுமுன் இறந்துவிட்டதாம், அதுவே குறையாம்!

இந்தத் தீர்ப்பைக் கூறியவர்கள் கல்லாதவர்கள் அல்லர். இலத்தீன் கற்றவர்கள், தத்துவம் பயின்றவர்கள், நூல்கள் பல யாத்தவர்கள். தீர்ப்புக்கு ஆளானவர்களோ, வாய் திறந்து ஒரு சொல் பேச அறியாதவர்கள். இந்த விந்தை வழக்கின் வரலாற்றையே ஈண்டு நாம் காண விழைகிறோம். ஐரோப்பாவில் நடந்த வழக்கு இது. ஆயினும், "எழுதியது யார்? எழுதியது எப்போது?" என்று கேட்கப் பழகும் இளைஞர் எவருக்கும் இதில் பாடம் உண்டு.

மோட்சம், நரகம் என்ற மறுவுலகப் படம் ஒரே நாளில் வரையப்பட்டதன்று. யூதர்களின் பழைய நூல்களில் "ஷியோல்" என்னும் கீழுலகம் பேசப்படுகிறது. நல்லவரும் தீயவரும் இறந்தபின் இறங்கும் இருட்டிடம் அது. நரகத்தைக் குறிக்கும் "கெஹென்னா" என்ற சொல்லோ, எருசலேம் நகரையொட்டிய இன்னோம் பள்ளத்தாக்கின் பெயரிலிருந்து பிறந்தது. அங்கே பெற்றோர் தம் குழந்தைகளை நெருப்பில் பலியிட்டனர் என்று யூத நூல்கள் கடிந்துரைக்கின்றன. குழந்தைகளை எரித்த கொடுமைக்காகச் சபிக்கப்பட்ட இடத்தின் பெயரே நரகத்துக்குப் பெயராயிற்று. பின்னர் அந்த நரகத்துக்கே குழந்தைகளை அனுப்பும் வாதமும் எழுந்தது! வரலாறு சில வேளைகளில் இப்படித்தான் எள்ளி நகையாடுகிறது.

ஹிப்போ நகரின் தீர்ப்பு

கி.பி. 4ஆம் நூற்றாண்டு. ஞானஸ்நானம் பெற்றால் அதுவரை செய்த பாவமெல்லாம் கழுவப்பட்டுவிடும் என்பது நம்பிக்கை. கழுவிய பின் மீண்டும் அழுக்குப் படலாகாதே என்று அஞ்சி, அந்தச் சடங்கைத் தள்ளிப் போட்டவர் பலர். ரோமப் பேரரசன் கான்ஸ்டன்டைன் 337இல், சாவு நெருங்கிய பிறகே அதனைப் பெற்றான். அகஸ்டின் என்ற பேரறிஞரும் குழந்தைப் பருவத்தில் பெற்றாரில்லை. 387இல், தம் 32ஆம் வயதில், மிலான் நகரில் பெற்றார்.

அந்த அகஸ்டின் பின்னாளில் வட ஆப்பிரிக்காவில், இன்றைய அல்ஜீரியாவிலுள்ள ஹிப்போ நகரின் பிஷப்பானார். ஆதாம் செய்த பாவம் பிறவி வழியே ஒவ்வொரு மனிதனையும் தொடர்கிறது. குழந்தையும் அந்த ஜென்மபாவத்தோடுதான் பிறக்கிறது. ஞானஸ்நானம் இன்றி இறந்தால் அது இரட்சிக்கப்படாது என்றார் அவர். மோட்சமுமன்றி, நரகமுமன்றி, இடையே ஒரு மூன்றாம் இடம் உண்டு என்பதையும் ஒப்பவில்லை. ஒரே ஒரு சலுகை தந்தார்: குழந்தைக்குக் கிடைக்கும் தண்டனை, தண்டனைகளில் எல்லாம் மிக மெல்லியதாக இருக்குமாம்! மெல்லிய தண்டனை! என்னே இரக்கம்!

அன்றே இதனை மறுத்தவர்கள் இருந்தனர். பிரிட்டனிலிருந்து ரோமுக்கு வந்த பெலாஜியஸ் என்னும் துறவி, பாவம் என்பது மனிதன் தன் விருப்பத்தால் செய்யும் செயல். அது பரம்பரைச் சொத்தன்று என்று வாதிட்டார். பாட்டன் பட்ட கடனுக்குப் பேரனைச் சிறையிலிடுவது எந்த ஊர் நியாயம் என்பதே அவர் வாதத்தின் சாரம். இத்தாலியில் எக்லானம் என்ற ஊரின் பிஷப்பான ஜூலியன் இன்னும் துணிந்து கேட்டார்: பிறந்த குழந்தையைத் தண்டிப்பவரை நீதியுள்ள கடவுள் என்று எப்படி அழைப்பது?

இவர்கள் நாத்திகர்கள் அல்லர். கடவுளை நம்பித் தொழுதவர்களே. நம்பிக்கைக்குள் நின்றுகொண்டே நியாயம் கேட்டார்கள். கிடைத்த விடை என்ன? 418இல் கார்த்தேஜ் நகரில் கூடிய பிஷப்புகளின் சங்கம் பெலாஜியஸின் கருத்துகளைக் கண்டித்தது. அதே ஆண்டில் பேரரசன் ஹொனோரியஸ் அவரை ரோமிலிருந்து வெளியேற்ற ஆணையிட்டான். கண்டன ஓலையில் கையொப்பமிட மறுத்த ஜூலியன் பதவி இழந்தார். ஊர் ஊராய் அலைந்தார். கேள்வி கேட்டவர் நாடு கடந்தார். கேள்வியோ நாட்டிலேயே தங்கிவிட்டது.

துணியின் கரையில் ஓர் இடம்

நூற்றாண்டுகள் உருண்டன. தீர்ப்பு ஏட்டில் இருந்தது. ஆனால் படித்தவர் நெஞ்சையும் அது உறுத்தலாயிற்று. 12ஆம் நூற்றாண்டில் பாரிஸ் நகரப் பேராசிரியர் அபெலார்டு, அந்தக் குழந்தைகளுக்கு நெருப்பு வேதனை இல்லை. கடவுளைக் காண முடியாமற் போவது ஒன்றே அவர்கள் தண்டனை என்றார். 13ஆம் நூற்றாண்டில் தாமஸ் அக்குவினாஸ் இன்னும் ஒரு படி இறங்கி வந்தார்: தாம் எதை இழந்தோம் என்பதே அக்குழந்தைகளுக்குத் தெரியாது, ஆகவே அவர்களுக்குத் துயரமும் இல்லை.

இப்படி உருவானதுதான் "லிம்போ". இலத்தீனில் "லிம்பஸ்" என்றால் ஆடையின் கரை. நரகம் என்ற துணிக்கு ஒரு கரை. அந்தக் கரையில் குழந்தைகளுக்கு ஓர் இடம்! 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இத்தாலியக் கவிஞர் தாந்தே நரகத்தின் முதல் வட்டமாக லிம்போவைப் பாடினார். கிறிஸ்துவுக்கு முன் வாழ்ந்ததால் ஞானஸ்நானம் பெறாத வர்ஜில், ஹோமர் போன்ற பெரும் புலவர்களையும் குழந்தைகளோடு அங்கேயே நிறுத்தினார். 1439இல் பிளாரன்ஸ் நகரில் கூடிய சங்கமோ, ஜென்மபாவத்தோடு மட்டும் இறந்தவர்களும் நரகத்துக்கே இறங்குவர். தண்டனையின் அளவுதான் வேறுபடும் என்று எழுதிவைத்தது.

தோழர்களே, இங்கே ஒன்றைக் கவனியுங்கள். அபெலார்டோ அக்குவினாஸோ மறுவுலகம் சென்று பார்த்துவிட்டு வந்து தீயின் சூட்டைக் குறைக்கவில்லை. மனம் கேட்கவில்லை, குறைத்தார்கள்!

இறகு அசைந்தது!

பண்டிதர்கள் ஏட்டில் வாதிட்டனர். தாய்மார்கள் என்ன செய்தனர்? ஆபத்து வேளையில் எவரும் ஞானஸ்நானம் செய்யலாம் என்பது திருச்சபையின் விதி. ஆகவே மருத்துவச்சிகளுக்கு அச்சடங்கு கற்பிக்கப்பட்டது. தாயின் வயிற்றிலேயே சிசு இறந்துவிடும் என்று அஞ்சினால், குழாய் வழியே நீரை உள்ளே செலுத்தி ஞானஸ்நானம் செய்யும் முறையும் வந்தது. 1745இல் கன்ஜியாமிலா என்னும் சிசிலிப் பாதிரியார் ஒரு நூலே எழுதினார். கர்ப்பிணி இறந்தால் வயிற்றைக் கீறிச் சிசுவை எடுத்து ஞானஸ்நானம் செய்யவேண்டும் என்று அந்நூல் வற்புறுத்திற்று.

பிறக்கும்போதே இறந்திருந்தால்? அதற்கும் ஒரு வழி கண்டார்கள். சுவிட்சர்லாந்தில் பெர்ன் நகருக்கு அப்பால், ஆரே ஆற்றங்கரையில் ஓபர்பூரன் என்றொரு மாதா கோயில் இருந்தது. இறந்து பிறந்த குழந்தைகளைப் பெற்றோர் அங்கே தூக்கி வந்தனர். கனலும் தணலுக்கும் எரியும் மெழுகுவத்திகளுக்கும் நடுவே அந்தச் சிற்றுடல் சூடேற்றப்படும். உதட்டின்மேல் ஒரு மெல்லிய இறகு வைக்கப்படும். வெப்பக் காற்றில் இறகு அசையும். "மூச்சு வந்தது! உயிர் வந்தது!" என்பார்கள். அந்தக் கணமே ஞானஸ்நானம். அடுத்த கணமே அடக்கம். பிள்ளை மோட்சம் சேர்ந்தது என்று தாய் கண்ணீர் துடைத்துக்கொள்வாள்.

1486இல் கான்ஸ்டன்ஸ் நகர பிஷப் இது குறித்துப் போப்புக்கு முறையிட்டார். 2,000க்கு மேற்பட்ட குழந்தைகள் அங்கே கொண்டுவரப்பட்டதாக அவர் எழுதினார். 1528இல் பெர்ன் மதச் சீர்திருத்தத்தை ஏற்றது. அந்த யாத்திரையும் முடிந்தது. 1990களில் தொல்பொருள் ஆய்வாளர்கள் அவ்விடத்தை அகழ்ந்தபோது, ஏறத்தாழ 250 சிசுக்களின் எலும்புகள் கிடைத்தன. பிறை நிலவு போன்ற சின்னஞ்சிறு எலும்புகள்! அந்த மக்களை மூடர் என்று நகைத்துவிடுதல் எளிது. நம்மால் நகைக்க முடியவில்லை. இறகு அசைந்ததைக் கண்டு ஏமாந்தவள் அந்தத் தாய். அவளை அந்த இறகை நோக்கி ஓடவைத்த அச்சத்தை நட்டவர்கள் யார்?

குழந்தைகளோடு இந்த விதி நின்றுவிடவில்லை. கப்பலேறிக் கடல் கடந்தது. நம் முத்துக்குளித்துறைப் பரதவரிடையே 1542 முதல் பணியாற்றிய பிரான்சிஸ் சேவியர், 1549இல் ஜப்பான் சென்றார். அங்கே புதிதாக மதம் மாறியவர்கள் அவரிடம் கேட்டனர்: இந்த மதத்தை அறியாமலே இறந்துபோன எம் தாய் தந்தையரை, எம் முன்னோரை நரகத்திலிருந்து மீட்க வழியுண்டா? தொழுகையால், தானத்தால் ஏதேனும் ஆகுமா? ஆகாது என்றார் சேவியர். அவர்கள் அழுதார்கள். அவர்கள் அழுததையும், அது கண்டு தமக்கும் துயரம் உண்டானதையும், 1552இல் கொச்சியிலிருந்து எழுதிய கடிதத்தில் சேவியரே குறித்திருக்கிறார். விதியைச் சொன்ன வாய் ஒன்று; வருந்திய நெஞ்சு ஒன்று! இரண்டும் ஒரே மனிதரிடம் இருந்தன.

இரவில் நடந்த தந்தை

இதெல்லாம் இடைக்காலத்துக் கதை என்று எண்ணிவிடவேண்டாம். அயர்லாந்து நாட்டின் மேற்குப் புறத்தே சென்றால், வயல் ஓரங்களில், ஊர் எல்லைகளில், பாழடைந்த பழங்கோட்டைகளில், கடற்கரை மேடுகளில் பெயர் பொறிக்காத சிறு கற்கள் நடப்பட்டிருப்பதைக் காணலாம். "கில்லீன்" என்பர் அவ்விடங்களை. ஞானஸ்நானம் பெறாமல் இறந்த குழந்தைகளைப் புதைத்த இடங்கள் அவை. திருச்சபையின் கல்லறைத் தோட்டத்தில் அவர்களுக்கு ஆறடி மண் வேண்டாம், ஓரடி மண்கூட இல்லை! 1917இல் தொகுக்கப்பட்ட திருச்சபைச் சட்டமும், ஞானஸ்நானம் பெறாது இறந்தவர்க்குத் திருச்சபையின் அடக்கம் கிடையாது என்றே விதித்தது.

ஆகவே சூரியன் மறைந்த பின், தந்தை ஒருவர் சிறு பெட்டி ஒன்றைக் கையிடுக்கில் வைத்துக்கொண்டு வயல் வழியே நடப்பார். மணி ஒலிக்காது, பாதிரியார் வரமாட்டார், தாய் பெரும்பாலும் வீட்டுப் படுக்கையில் கிடப்பாள். குழி தோண்டி, மூடி, அடையாளத்துக்கு ஒரு கல் வைத்துவிட்டு, பொழுது விடியுமுன் திரும்பிவிடுவார். அதன்பின் அந்தப் பிள்ளையைப் பற்றி வீட்டில் பேச்சே இராது. 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை நடந்த நிகழ்ச்சிகள் இவை. வானொலி வந்துவிட்டது, வானூர்தி பறந்துவிட்டது, ஆயினும் அந்தத் தந்தை இருட்டில்தான் நடந்தார்.

பூட்டைத் திறந்தது யார்?

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் முடிவுற்றது. அதன் பின் காற்று மாறிற்று. ஞானஸ்நானம் செய்ய எண்ணியிருந்த பெற்றோரின் குழந்தை அதற்குமுன் இறந்தால், திருச்சபையின் அடக்கச் சடங்கை அனுமதிக்கலாம் என்று 1983ஆம் ஆண்டுச் சட்டம் இடம் தந்தது. 1992இல் வெளிவந்த மறைக்கல்வி நூல் லிம்போ என்ற பெயரையே எடுக்கவில்லை. அக்குழந்தைகளைக் கடவுளின் இரக்கத்தில் ஒப்படைப்பதாக மட்டும் கூறிற்று. 2007இல், போப் பதினாறாம் பெனடிக்டின் இசைவோடு, வத்திக்கானின் இறையியல் குழு ஓர் அறிக்கை வெளியிட்டது. லிம்போ என்பது இரட்சிப்பை மிகக் குறுக்கிப் பார்த்த கருத்து. அக்குழந்தைகள் மோட்சம் சேர்வர் என்று நம்புவதற்குத் தக்க காரணங்கள் உண்டு என்றது அது. உறுதியாக அறிந்ததாகச் சொல்லவில்லை, நம்பலாம் என்றது. லிம்போ ஒருபோதும் கட்டாயக் கோட்பாடாக இருந்ததில்லை என்றும் தெளிவுபடுத்திற்று. அயர்லாந்தில் கில்லீன்கள் பலவற்றில் இன்று நினைவுக் கற்கள் நிற்கின்றன. பாதிரிமார் வந்து ஆசி கூறுகின்றனர்.

நல்லது, வரவேற்கிறோம். ஆனால் கேட்க வேண்டியதைக் கேட்காமலிருக்க முடியவில்லை. கட்டாயக் கோட்பாடு அன்று என்றால், அந்தத் தந்தை ஏன் இருட்டில் நடந்தார்? ஓபர்பூரன் கோயிலில் அந்த இறகு ஏன் வைக்கப்பட்டது?

418க்கும் 2007க்கும் இடையே 1,589 ஆண்டுகள். இத்தனை ஆண்டுகளில் மறுவுலகிலிருந்து புதிய செய்தி ஏதேனும் வந்ததா? எவரேனும் சென்று, பார்த்து, திரும்பி வந்து சாட்சி சொன்னதுண்டா? கிடையாது. அன்று கையிலிருந்த அதே நூல்கள்தாம் இன்றும் கையில் இருக்கின்றன. மாறியது மனிதனின் மனச்சான்று. குழந்தையைத் தண்டிப்பது கொடுமை என்று மண்ணில் மனிதன் உணர்ந்தான். அதன்பிறகே வானத்துக் கதவின் பூட்டுக் கழன்றது. அறம் விண்ணிலிருந்து மண்ணுக்கு இறங்கி வந்ததாகச் சொல்வார்கள். இந்த வழக்கில் அது மண்ணிலிருந்துதான் விண்ணுக்கு ஏறிற்று!

பெலாஜியஸ் கேட்டார், ஜூலியன் கேட்டார். அன்றே செவி சாய்த்திருந்தால், எத்தனை தாய்மாரின் கண்ணீர் மிச்சமாகியிருக்கும்! காலம் கடந்து வந்த நியாயம் கல்லறைக்கு மலர் வைக்கலாம்; அழுது அழுது அடங்கிப்போன தாயின் நெஞ்சுக்கு என்ன வைக்கும்? ஆகவேதான் கூறுகிறோம்: நெஞ்சு "இது நியாயமா?" என்று கேட்கும்போது, ஏட்டைக் காட்டி அதன் வாயை அடைக்காதீர்கள். ஏட்டை எழுதியவன் மனிதன். திருத்தியவனும் மனிதன். திருத்துவதற்கு 1,589 ஆண்டுகள் காத்திருக்க வேண்டும் என்று எந்த ஏடும் விதிக்கவில்லை.