கடைசித் தண்ணீர்

திருகோணமலையின் பழம்பெருமையைப் பேச வருவோர் துறைமுகத்தையும் கோட்டையையும் சுவாமிமலைக் கோணேசர் கோயிலையும் பேசி அமைந்துவிடுகிறார்கள். அங்கிருந்து தென்மேற்கே ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவில், ஒரு பெருங்குளத்தின் கரையோரம், விளைந்த பயிருக்கு எந்நாளில் நீரை நிறுத்துவது என்னும் நுட்பமான கேள்விக்கு எத்தனையோ தலைமுறைகளாக விடை கண்டுவந்த கந்தளாய் உழவரை நினைப்போர் சிலரே.

கோணேசர் கல்வெட்டு என்னும் நூல், குளக்கோட்டன் என்ற மன்னன் கோணேசப் பெருமானுக்குத் திருப்பணி செய்து, அது குன்றாது நடைபெறும்பொருட்டுக் கந்தளாய்க் குளத்தைக் கட்டுவித்து வயல்களையும் தொழும்பாளரையும் ஏற்படுத்தினான் என்று கூறும். சூளவம்சமோ அதனை ஏழாம் நூற்றாண்டு மன்னனாகிய இரண்டாம் அக்கபோதியின் செயலாக உரைக்கும். இவ்வழக்கில் தீர்ப்புச் சொல்ல நான் முன்வரவில்லை. விஜயராஜ சதுர்வேதிமங்கலம் என்னும் பெயரோடு இவ்வூர் ஒரு காலத்தில் பிராமணர் குடியிருப்பாக விளங்கிற்று என்பதற்குப் பளமோட்டைக் கல்வெட்டே சாட்சி. அத்தகைய ஊரில் நீருக்குக் கணக்கும் காவலும் இருந்திருக்கும் என ஊகிப்பது பிழையாகாது.

கதிர் பால்பிடித்து முற்றித் தலைசாயத் தொடங்கியதும், அரிவுவெட்டுக்கு இரு வாரமளவில் இருக்கையில், வயலில் நிற்கும் நீரை வடித்து வாய்க்காலை அடைத்துவிடுவது நெற்செய்கையின் சம்பிரதாயம். மணிகள் ஒருசேர முற்றவும், வெட்ட இறங்குவோர் கால் புதையாதிருக்கவும் இது வேண்டும். முந்தி அடைத்தால் பதர். பிந்தி அடைத்தால் சேறு. அந்தக் கட்டத்தில் உரமிடுவோனையும் அனுபவஸ்தர்கள் நகைப்பார்கள், ஏனெனில் பயிர் மீண்டும் பச்சை கட்டிச் சாயுமேயன்றி நெல் பெருகாது. கிழக்கு மாகாணத்து வட்டைவிதானை என்பவர் நீரைப் பங்கிடுபவர் என்றே பலர் அறிவர். நீரை மறுப்பதும் அவர் உத்தியோகத்தில் அடங்கியதே.

1960இல் செக்கோஸ்லோவாக்கியாவின் உதவியோடு கந்தளாயில் அரசாங்கச் சீனி ஆலை எழுந்து, குளத்து நீர் கரும்புத் தோட்டங்களுக்கும் பாயத் தொடங்கியபோது, இப்பழைய கேள்வி புதிய வேஷம் பூண்டு வந்தது. கரும்பின் சுபாவம் விசித்திரமானது. நீரும் தழைச்சத்தும் தாராளமாகக் கிடைக்கும்வரை அது தான் ஆக்கிய சர்க்கரையைத் தானே செலவிட்டு ஓங்கி வளரும். இரண்டும் குறைந்து வளர்ச்சி தளர்ந்த பின்னரே, எஞ்சியதைத் தண்டில் சேமிக்கும். ஆகையால் தழையுரத்தைப் பயிரின் இளம்பருவத்திலேயே இட்டு முடித்து, வெட்டுக்குச் சில வாரங்களுக்கு முன் பாய்ச்சலை நிறுத்திக் கரும்பை வாடவிடுவது உலகெங்கும் உள்ள பாசனத் தோட்டங்களின் விதி. சாற்றின் ஒரு துளியைக் கண்ணாடியில் இட்டு வெளிச்சத்தில் நோக்கும் சிறு கருவி, பிரிக்ஸ் என்னும் எண்ணால் அதன் பலனைப் பிரத்தியட்சமாகக் காட்டிவிடும். கிழக்குக் கரையில் நடு ஆண்டு மாதங்களில் வறண்டு வீசும் கச்சான் காற்று, உடலை வாட்டுவதாக எல்லோராலும் ஏசப்பட்டாலும், முற்றும் கரும்புக்கு அதனினும் நல்ல வைத்தியன் இல்லை.

வேறொரு பயிரைப் பற்றியும் இங்கே ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். இலங்கையில் 1929ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டத்தால் தடைப்பட்டிருக்கும் கஞ்சாவை, அனுமதியுள்ள தேசங்களில் பயிரிடுவோருட் பலர், அறுப்பதற்கு ஓரிரு வாரங்களுக்கு முன் உரத்தை நிறுத்தி வெறும் நீரால் வேர்மண்ணை அலசுகின்றனர். அதனால் புகையின் காரம் தணியும் என்பது அவர்கள் நம்பிக்கை. கனடாவின் குவெல்ப் பல்கலைக்கழகத்தில் 2017இல் வெளிவந்த ஓர் ஆய்வேடோ, இவ்வாறு அலசுவதால் மொட்டுகளிலுள்ள சத்துக்களின் அளவு குறிப்பிடத்தக்கவாறு குறையவில்லை என்று கண்டது. மண்ணைக் கழுவுவதால் செடிக்குள் ஏற்கெனவே புகுந்த சத்து வெளியேறிவிடும் என்று எண்ணுவது, உண்டவன் கையைக் கழுவினால் வயிறு காலியாகும் என்பதைப் போன்றது. கரும்புக்காரன் நீரை நிறுத்துகிறான். இவர்கள் நீரை வார்க்கிறார்கள். முன்னதற்கு ஆலைக் கணக்கு சாட்சி நிற்கிறது. பின்னதற்கு வழக்கமே சாட்சி.

1986 ஏப்ரல் 20ஆம் நாள் கந்தளாய்க் குளத்தின் அணை உடைந்து, தாழ்ந்த பகுதியிலிருந்த குடிகள் பலர் வெள்ளத்தில் மாண்டனர். அணை மீண்டும் கட்டப்பட்டது. சீனி ஆலையோ 1990களின் தொடக்கத்தில் மூடப்பட்டு, அதன் இயந்திரங்கள் துருவுக்கு இரையாயின. பெரும்போகத்துக்கும் சிறுபோகத்துக்கும் முன்னதாகக் கூடும் பயிர்ச்செய்கைக் கூட்டத்தில், முதல் தண்ணீர் திறக்கும் நாளோடு கடைசித் தண்ணீர் விடும் நாளும் இன்றும் குறிக்கப்படுகிறது.